இரண்டாவது படுக்கையில் இருப்பவர்: சட்டவிரோத உறுப்பு மாற்று சிகிச்சையும் பெற்றோரின் தவிப்பும்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். உடம்பில் சேரும் நீர் வெளியேற வழியில்லாததால், மருத்துவர் குறித்துக் கொடுத்த மில்லிலிட்டர் கணக்குக்குள் குடிநீர், பால், மாத்திரை விழுங்கும் நீர் எல்லாமே அடங்கியாக வேண்டும். தாகம் என்று அழும் குழந்தையின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, மிச்சமிருக்கும் அரை டம்ளரை இரவுக்கென்று மூடி வைக்கும் ஒரு தாயிடம், "அடுத்த மாதமே கிட்னி கிடைக்கும், பணத்தை மட்டும் தயார் செய்துகொள்ளுங்கள்" என்று யாரோ ஒருவர் தொலைபேசியில் சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை, அந்த இடத்தில் நிற்காத நம்மால் எளிதில் சொல்லிவிட முடியாது.

சட்டவிரோத உறுப்பு மாற்றைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கும்பல்களிலும் கைதுகளிலும் தொடங்கிவிடுகிறோம். அப்படித் தொடங்கினால் விடை எளிது. குற்றவாளிகளைக் கண்டித்துவிட்டு எழுந்து போய்விடலாம். தண்ணீரை அளந்து கொடுக்கும் அந்தத் தாயிடமிருந்து தொடங்கினால்தான் கேள்வியின் கனம் தெரியும். தன் குழந்தையைக் காப்பாற்ற ஒரு தாயோ தகப்பனோ எதுவரை போகலாம்? இந்தக் கேள்வியை முதன்முறையாக யோசிப்பவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். மருத்துவமோ சட்டமோ முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உறுப்பு எங்கிருந்து வருகிறது?

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜோசப் மரே என்ற அறுவை மருத்துவரின் குழு ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய ஒத்த இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தியது. நீடித்த வெற்றி கண்ட முதல் உறுப்பு மாற்று அதுதான். இருவரும் ஒத்த இரட்டையர் என்பதால் புதிய உறுப்பை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கவில்லை. மற்றவர்களுக்கும் இது நம்பகமான சிகிச்சையாக மாற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1980களில் சைக்ளோஸ்போரின் என்ற, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பரவலான பிறகுதான் உறவில்லாத ஒருவரின் உறுப்பும் நிலைக்கத் தொடங்கியது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அதே மருந்து ஒரு சந்தைக்கும் கதவைத் திறந்துவிட்டது. முன்பின் அறியாத ஒருவரின் சிறுநீரகமும் நமக்குப் பயன்படும் என்றானபின், அதற்கு விலை பேசவும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

உறுப்புகள் இரண்டு வழிகளில் கிடைக்கின்றன. உயிரோடு இருப்பவர் தம் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றையோ, கல்லீரலில் ஒரு பகுதியையோ தரலாம். எஞ்சிய கல்லீரல் மீண்டும் வளர்ந்துகொள்ளும். இதயம் போன்றவை இறந்தவரிடமிருந்து மட்டுமே கிடைக்கும். பெரும்பாலும் அவர் மூளைச்சாவு அடைந்து, வென்டிலேட்டரின் துணையால் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருப்பவராக இருப்பார். எடுத்த இதயத்தைப் பனிக்குளிரில் வைத்தாலும் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் அது இன்னொருவர் உடலில் துடிக்கத் தொடங்க வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும். எந்த வழியாக இருந்தாலும், தேவைப்படுவோரின் எண்ணிக்கைக்குக் கிடைக்கும் உறுப்புகள் எட்டவே எட்டாது. இந்தப் பற்றாக்குறையில்தான் காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது. தரகரின் தொழிலும் இங்கேதான் முளைக்கிறது.

குழந்தைகளின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. பித்தநாளம் சரியாக அமையாமலோ அடைபட்டோ போகும் ஒரு நோய் பச்சிளம் குழந்தைகளுக்கு வருவதுண்டு. கண்ணின் வெள்ளை மஞ்சளாகவே இருக்கும், மலம் களிமண் நிறத்தில் வெளுத்துப் போகும், வயிறு நாளுக்கு நாள் உப்பும். பிறந்து இரண்டு மாதங்களுக்குள் கண்டறிந்தால், ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் உருவாக்கிய அறுவை சிகிச்சையால் பலருக்குப் பித்தம் வடிய வழி செய்ய முடியும்; அது பலிக்காவிட்டால் கல்லீரல் மாற்று ஒன்றே வழி. ஆனால் சில கிலோ எடையுள்ள குழந்தையின் வயிற்றுக்குள் பெரியவரின் கல்லீரல் முழுதாக அடங்காது. 1989 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸல் ஸ்ட்ராங் என்ற மருத்துவர், ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை அவருடைய மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். பெற்றோர் தம் உடலையே பங்கிட்டுக் குழந்தையைக் காப்பாற்றும் வழி அன்று திறந்தது.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தரகர்கள் அதைச் சொல்வதேயில்லை. சிறுநீரகம் செயலிழந்த குழந்தைக்கு, உடலிலுள்ள கழிவையும் மிகுநீரையும் செயற்கையாக வெளியேற்றும் டயாலிசிஸ் இருக்கிறது. வீட்டிலேயே இரவு முழுவதும் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்யும் முறையும் உண்டு. குழந்தையின் வளர்ச்சி தடைபடுவது, உணவுக் கட்டுப்பாடு, ஓயாத அலைச்சல் ஆகிய துன்பங்கள் இதில் இருந்தாலும், சரியான வழியைத் தேட அது அவகாசம் தருகிறது. பல நாடுகளில் இறந்தோரிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகங்களைப் பகிரும் விதிகள் குழந்தைகளுக்கு முன்னுரிமையும் தருகின்றன. "நேரமே இல்லை" என்று தரகர் அவசரப்படுத்தும்போது, அந்த அவசரத்தில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு வியாபாரத்துக்காக உண்டாக்கப்பட்டது என்று மருத்துவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எது சட்டவிரோதம்?

மயங்கிக் கிடந்தவரின் சிறுநீரகத்தைத் திருடிவிட்டு அவரைப் பனிக்கட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது போன்ற வதந்திகளைப் பலரும் கேட்டிருப்போம். உண்மையான உறுப்பு வணிகத்தின் முகம் வேறு. இரத்த வகையும் திசுவும் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஆய்வகம் வேண்டும். அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, அதன்பின் ஆயுள் முழுவதும் மருந்து என எல்லாம் வேண்டும். இருட்டறையில் செய்துவிடக்கூடிய காரியம் அன்று இது. ஆகவே சட்டவிரோத உறுப்பு மாற்று பெரும்பாலும் சட்டபூர்வமான மருத்துவமனையின் வெளிச்சத்திலேயே நடக்கிறது. பொய்யாக இருப்பவை, தருபவரை உறவினராகக் காட்டுவது போன்ற காகிதங்கள்தான்.

பெரும்பாலான நாடுகள் உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. உறுப்பை எடுப்பதற்காக ஆள்களை ஏமாற்றியோ மிரட்டியோ அவர்களுடைய இயலாமையைப் பயன்படுத்தியோ கொண்டு செல்வதை, ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டில் ஏற்ற பலேர்மோ நெறிமுறை மனிதக் கடத்தல் என்றே வரையறுக்கிறது. அத்தகைய வழிகள் கையாளப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டார் என்பது வாதமாகாது என்றும் அது சொல்கிறது. 2008இல் மருத்துவர்கள் கூடி உருவாக்கிய இஸ்தான்புல் பிரகடனமும், 2010இல் உலக சுகாதார அமைப்பு ஏற்ற வழிகாட்டு நெறிகளும் உறுப்பு வணிகத்தைக் கண்டித்தன. உலகில் நடக்கும் சிறுநீரக மாற்றுகளில் 5 முதல் 10 விழுக்காடு வரை இத்தகைய வணிகத்தால் நடப்பவை என்று 2007இல் மதிப்பிடப்பட்டது. ஈரான் ஒரு விதிவிலக்கு. அங்கு 1988 முதல் பணம் பெற்றுச் சிறுநீரகம் தருவதற்கு அரசின் ஒழுங்குமுறையுடன் கூடிய ஏற்பாடு இருக்கிறது.

பெற்றோரின் கடமைக்கு எல்லை உண்டா?

இனி அறத்துக்கு வருவோம். தம் குழந்தையின் மீது பெற்றோருக்கு மற்றக் குழந்தைகளைவிட அதிகக் கடமை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சமமாகவே கவலைப்படுவேன் என்று ஒரு தகப்பன் சொன்னால் அவரை நாம் நல்ல தகப்பன் என்று சொல்லமாட்டோம். ஆகவே "என் பிள்ளைக்காக எதையும் செய்வேன்" என்ற சொல்லில் தவறில்லை. அந்த "எதையும்" என்பதற்குள் யாருடையவை அடங்கும் என்பதில்தான் கவனம் வேண்டும். சேமிப்பு, தூக்கம், வேலை, வீடு, தம் உடம்பில் ஒரு பாகம் வரை பெற்றோர் கொடுக்கலாம், இவையெல்லாம் அவர்களுடையவை. இன்னொருவருடைய உடம்பு அவர்கள் கொடுக்கக்கூடியவற்றின் பட்டியலில் இல்லை. பாசம் எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், அது இன்னொரு மனிதர் மீது உரிமையாக மாறிவிடாது.

இது சொல்வதற்கு எளிது. நடைமுறையில் இதை மறக்கச் செய்வது ஒரு சிறிய ஏற்பாடு. மாற்று அறுவை சிகிச்சையில் எப்போதும் இரண்டு படுக்கைகள் உண்டு. ஒன்றில் பெறுபவர், மற்றதில் தருபவர். சட்டவிரோத ஏற்பாட்டில் இரண்டாவது படுக்கை பெற்றோரின் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்ளப்படுகிறது. பெயர் சொல்லமாட்டார்கள், சொன்னாலும் அது மாற்றுப் பெயராக இருக்கும். "ஆள் தயார்", "டோனர் ரெடி" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு முழு மனிதர் மறைக்கப்படுகிறார். தம் குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு, தருபவருக்கு முகமே இல்லாமல் போகிறது.

அந்த முகம் யாருடையது? 2002இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்துக் கேட்டது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தார்கள். விற்ற பிறகும் நான்கில் மூன்று பங்கினர் கடனிலேயே இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சிறுநீரகத்தை விற்கும்படி பிறருக்குச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, சொல்லமாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காடு. வாங்கிய பணம் கடனுக்கும் உணவுக்கும் துணிக்கும் போயிருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். உணவுக்கும் துணிக்கும் என்றால் யாருக்கான உணவு, யாருக்கான துணி? இரண்டாவது படுக்கையில் கிடப்பவரும் பெரும்பாலும் ஒரு தாயோ தகப்பனோதான். அவரும் தம் பிள்ளைகளுக்காகத்தான் அந்த மேசையில் படுத்திருக்கிறார். பெற்றோரின் தவிப்பு என்று நாம் சொல்லும்போது அது ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதாக எண்ணிக்கொள்வது பிழை. ஒரு தவிப்பு இன்னொரு தவிப்பை விலைக்கு வாங்குகிறது, நடுவில் இருப்பவர் இரண்டிலும் பங்கெடுத்துக்கொள்கிறார்.

"அவர் சம்மதித்துத்தானே கொடுத்தார்?"

இதுதான் பெரும்பாலோர் முன்வைக்கும் முதல் எதிர்வாதம். அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. வயது வந்த ஒருவர் தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுக்க உரிமையுள்ளவர். ஆபத்தான சுரங்க வேலைக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றால், சிறுநீரகத்துக்கு மட்டும் ஏன் தடை? தடை செய்தால் அந்த ஏழைக்கு இருந்த ஒரே வழியையும் அடைக்கிறோம் அல்லவா என்று கேட்கும் தத்துவ அறிஞர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

ஒப்புதல் உண்மையானதாக இருக்க மூன்று தேவை: விவரம் தெரிந்திருக்க வேண்டும், நிர்ப்பந்தம் இருக்கக் கூடாது, பின்வாங்க முடிய வேண்டும். கள்ளச் சந்தையில் மூன்றுமே இருப்பதில்லை. அறுவைக்குப் பின் எத்தனை நாள் பாரம் தூக்க முடியாது, ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் ஏன் பரிசோதிக்க வேண்டும் என்றெல்லாம் தரகர் விளக்குவதில்லை. முன்பணம் கைக்கு வந்த பிறகு பின்வாங்குவதும் நடக்காது. நிர்ப்பந்தத்தைத் தரகர் செய்யாவிட்டாலும் கடன் கொடுத்தவர் செய்திருப்பார். ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தை என்றால் இவற்றில் சிலவற்றைச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் ஈரானிலும் விற்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகளே. பணக்காரர் சிறுநீரகத்தை ஏழைக்கு விற்ற கதை எங்கும் இல்லை. ஒரே திசையில் மட்டும் ஓடும் கொடுக்கல் வாங்கலைத் சுதந்திரமான தெரிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வறுமையை அப்படியே வைத்துவிட்டு, அதிலிருந்து தப்ப உடம்பை விற்கும் உரிமையை மட்டும் ஏழைக்கு வழங்குவது அவருடைய தன்னுரிமையை மதிப்பதாக எனக்குப் படவில்லை.

பணமே இல்லாத இடத்திலும் நிர்ப்பந்தம் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் தம் குழந்தைக்குத் தரும்போது, அந்தப் பாசமே ஒரு நிர்ப்பந்தம் அல்லவா? பிரிஸ்பேன் அறுவை நடந்த அதே 1989இல், அதே சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் குழு, முதல் அறுவையைச் செய்வதற்கு முன்பே இந்த அறக்கேள்விகளை அலசி மருத்துவ இதழில் வெளியிட்டது. பாசத்தால் எழும் கட்டாயம் பெற்றோர் என்ற உறவின் ஒரு பகுதி. அதை ஒழிக்க முடியாது, ஆனால் மறுக்க விரும்புபவருக்கு வழி வைக்க முடியும். இன்று நல்ல மாற்று மையங்களில், தர விரும்புபவரைக் குடும்பத்தார் இல்லாமல் தனியே அழைத்துப் பேசுகிறார்கள். பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், "மருத்துவக் காரணங்களால் இவர் தகுதியற்றவர்" என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு மருமகளையோ மூத்த மகளையோ வாழ்நாள் பழிச்சொல்லிலிருந்து காக்கிறது. கள்ளச் சந்தையில் இப்படிக் கேட்கும் ஆள் ஒருவரும் இல்லை.

தேதி குறித்து வந்த இதயம்

2005இல் இஸ்ரேலைச் சேர்ந்த இதய மாற்று மருத்துவர் ஜேக்கப் லாவீயிடம் அவருடைய நோயாளி ஒருவர், தமக்கு இரண்டு வாரங்களில் ஒரு குறிப்பிட்ட தேதியில் சீனாவில் இதய மாற்று நடக்கப்போவதாகச் சொன்னார். மருத்துவர் திகைத்துப் போனார். சிறுநீரகத்துக்குத் தேதி குறிக்கலாம். தருபவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் இதயத்துக்கு எப்படித் தேதி குறிப்பது? யாரோ ஒருவர் அந்த நாளில் இறப்பார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒழிய அது முடியாது. அங்கு உறுப்புகளில் பெரும்பாலானவை மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதைச் சீன அரசின் சுகாதாரத் துணை அமைச்சரே அந்த ஆண்டில் ஒப்புக்கொண்டார். லாவீ உள்ளிட்டோரின் முயற்சியால் 2008இல் இஸ்ரேல் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் சட்டத்துக்குப் புறம்பாகப் பெறும் உறுப்புக்குக் காப்பீட்டுப் பணம் தரக் கூடாது என்றது, உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவர்களுக்குப் பட்டியலில் முன்னுரிமையும் தந்தது.

அந்த நோயாளி கொடியவர் அல்லர். தேதியைக் கேட்டவுடன் எழுந்திருக்க வேண்டிய கேள்வி அவருக்கு எழவில்லை, அவ்வளவுதான். குழந்தையின் உயிருக்காக அலையும் பெற்றோரிடமும் இதைத்தான் காண்கிறோம். சிலர் உண்மையிலேயே ஏமாற்றப்படுகிறார்கள். தானமாக வந்த உறுப்பு என்றே நம்புகிறார்கள். சிலர் எல்லாம் அறிந்தே செய்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில், கேட்டால் பதில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிக் கேட்காமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

உயிரோடிருப்பவரின் உறுப்புக்கு அனுமதி தரும் குழு ஒன்று பல நாடுகளில் உண்டு. அதன் முன்னால் ஒரு நாள் இரு தரப்பினரையும் அமர வைக்கிறார்கள். தருபவர் குழந்தைக்குத் தூரத்து உறவு என்று காகிதம் சொல்கிறது. குழந்தையை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று குழுவிலுள்ளவர் கேட்கிறார். தருபவர் ஒரு கணம் தகப்பனைப் பார்க்கிறார். தகப்பன் குனிந்து கையிலுள்ள கோப்பைப் பார்க்கிறார். பிறகு மனப்பாடம் செய்த பதில் வருகிறது. அந்த ஒரு கணத்தில் தகப்பனுக்கு எல்லாம் தெரியும். அவர் குனிந்துகொண்டது வெட்கத்தால் என்றால், அவருடைய மனசாட்சி செத்துவிடவில்லை என்று பொருள். ஆனாலும் அவர் எழுந்து வெளியே போகவில்லை.

இங்கே அறவியலின் ஒரு பழைய வேறுபாடு உதவுகிறது. ஒரு செயல் சரியானது என்று காட்டுவது வேறு. செயல் தவறுதான், ஆனால் செய்தவரைக் கடுமையாகப் பழிக்க முடியாது என்பது வேறு. பெற்றோரின் தவிப்பு இரண்டாவதைச் செய்யும். முதலாவதை ஒருபோதும் செய்யாது. பலரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவுடன் வாயடைத்துப் போகிறார்கள். நானும் தவறு செய்துவிடக்கூடும் என்பது அந்தச் செயலைச் சரியானதாக்கிவிடாது. தண்டனை என்று வரும்போது முதலில் நிற்க வேண்டியவர்கள் தரகரும், தெரிந்தே கத்தியை எடுத்த மருத்துவரும், கண்டுகொள்ளாமல் கையெழுத்திட்ட நிர்வாகமும்தான் என்பது என் கருத்து. விற்றவரைச் சிறையில் அடைப்பது அவரை இரண்டாம் முறை காயப்படுத்துவது. பெற்றோரின் பொறுப்பு அவர்கள் அறிந்ததையும் அறிய மறுத்ததையும் பொறுத்தது.

குழந்தைக்கு என்ன ஆகிறது?

இதுவரை பேசியது மற்றவருக்கு நேரும் தீங்கு. வாங்கிய உறுப்பு குழந்தையையும் விட்டுவைப்பதில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து மும்பைக்குச் சென்று சிறுநீரகம் வாங்கித் திரும்பியவர்களைப் பற்றி 1990இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததையும், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி போன்ற தொற்றுகள் உறுப்போடு வந்திருந்ததையும் பதிவு செய்தது. விற்பவர் தம் நோயைச் சொன்னால் பணம் கிடைக்காது. தரகர் சோதனையை முழுமையாகச் செய்தால் நாள் கடந்துவிடும். உண்மையைச் சொல்ல யாருக்கும் காரணமில்லாத இடத்திலிருந்துதான் அந்த உறுப்பு வருகிறது. எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் ஒரு குழந்தையின் உடலுக்குள் அது போகிறது.

திரும்பி வந்த குழந்தையின் கையில் பெரும்பாலும் முழுமையான மருத்துவக் குறிப்பு இருக்காது. உள்ளூர் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? சிகிச்சை தர வேண்டும், தயங்காமல். குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லை. மருந்தின் அளவு ஒரு வாரம் தவறினாலே உறுப்பு போய்விடலாம். பெற்றோரைக் கண்டிக்கும் ஆர்வத்தில் குழந்தையின் சிகிச்சையைத் தாமதிக்கும் மருத்துவர் இரண்டாவது தவறைச் செய்கிறார். அதே மருத்துவருக்கு, பெற்றோர் புறப்படுவதற்கு முன்பே இந்த ஆபத்துகளை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் கடமையும் உண்டு. மழுப்பிப் பேசிவிட்டு அனுப்பி வைப்பதை இரக்கம் என்று சொல்லக் கூடாது.

வரிசையும் வேறு வழிகளும்

சட்டத்தை மீறாத இடத்திலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும் என்பதற்கு ஜப்பான் ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 1997இல் வந்த சட்டப்படி, மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தருவதற்குத் தருபவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டியிருந்தது. 15 வயதுக்குக் குறைந்தவரின் ஒப்புதல் செல்லாது என்றிருந்தது. ஆகவே சிறு குழந்தைக்குப் பொருந்தும் சிறிய இதயம் அந்த நாட்டில் கிடைக்கவே வழியில்லாமல் போனது. பெற்றோர் தெருவில் நின்று நிதி திரட்டிக் குழந்தையை வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அங்கே கிடைத்த ஒவ்வொரு இதயத்துக்கும் அந்த நாட்டின் பட்டியலிலும் ஒரு குழந்தை காத்திருந்தது. ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்குத் தேவையான உறுப்புகளைத் தன் எல்லைக்குள்ளேயே பெற முயல வேண்டும் என்று இஸ்தான்புல் பிரகடனம் வலியுறுத்தியதும், ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. 2010 ஜூலை முதல் குடும்பத்தாரின் ஒப்புதலோடு சிறுவர்களும் கொடையாளராக முடிந்தது. பெற்றோரின் தவிப்புக்குச் சரியான பதில் சில நேரங்களில் சட்டமன்றத்தில் இருக்கிறது.

ஸ்பெயின் வேறொரு வழியைக் காட்டியது. 1989இல் அங்கு தேசிய மாற்று அமைப்பு தொடங்கப்பட்டு, மருத்துவமனைதோறும் தீவிர சிகிச்சை அறிந்த மருத்துவர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் எப்போது, எப்படி, எந்தச் சொற்களில் கேட்பது என்பதை அவர்கள் ஒரு திறமையாகவே பயின்றார்கள். மக்கள்தொகை விகிதத்தில் உறுப்பு தானத்தில் அந்நாடு நெடுங்காலமாக உலகின் முன்னணியில் நிற்கிறது. இரத்த வகை பொருந்தாத பெற்றோருக்கு இன்னொரு வழியும் உண்டு: ஒரு குடும்பத்தின் தாய் இன்னொரு குடும்பத்தின் குழந்தைக்கும், அந்தக் குடும்பத்தின் தந்தை இந்தக் குழந்தைக்கும் சிறுநீரகம் தரும் இணைப் பரிமாற்றம். இரண்டு அறுவைகளையும் ஒரே நேரத்தில் செய்வது வழக்கம். ஒருவர் பெற்றுக்கொண்ட பிறகு மற்றவர் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. இந்தப் பொருத்தங்களைக் கண்டுபிடிக்கும் கணித முறைக்கு வழிவகுத்த ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

"நம் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தவில்லை" என்று கேட்டு உடைந்துபோகும் பெற்றோரில் பலருக்கு இந்தப் பரிமாற்றத்தைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. அதற்கு முன்பே தரகரின் எண் கைக்கு வந்துவிடுகிறது. அந்த எண்ணை அழைப்பதற்கு முன் மாற்று மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. குழந்தை பட்டியலில் எந்த நிலையில் இருக்கிறது, பரிமாற்றத்தில் சேர முடியுமா, எவ்வளவு காலம் டயாலிசிஸில் பாதுகாப்பாக இருக்கலாம் என்று கேட்கலாம். ஏற்கெனவே ஒருவர் "ஆள் தயார்" என்று சொல்லியிருந்தால், அவரிடமும் ஒன்று கேட்கலாம். தருபவர் அறுவை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவருடைய இரத்த அழுத்தத்தை எந்த மருத்துவர் பார்ப்பார்?